கடாரத்தில் வந்தியதேவன்: தோட்டம் விட்டு நகர் புகும் பதின்ம வயதினரும் பொன்னியின் செல்வனும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றைப் பெயர்வுகளின் வரலாறு எனலாம். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தது முதற்பெயர்வு. தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்றது இரண்டாம் பெயர்வு. இவ்விரண்டையும் பற்றி நாவலாசிரியர்களும் சமூகவியலாளரும் எழுதியுள்ளனர். ஆயினும் இரண்டாம் பெயர்வின்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளைகள் எதைப் படித்தனர், படித்தது அவர்களுக்கு எவ்வகையில் துணைநின்றது என்னும் வினா நம் திறனாய்வில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கெடா மாநிலத்தின் தோட்டங்களையும் நகரங்களையும் களமாகக் கொண்டு, கல்கியின் பொன்னியின் செல்வனை முன்வைத்து, அவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இந்நாவலைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல், தமிழகத்தில் மட்டுமன்றி இந்நாட்டிலும் தலைமுறைகள் பலவற்றால் விரும்பிப் படிக்கப்பட்டது. இரண்டாவது, இதன் கதையை நடத்திச் செல்லும் வந்தியதேவன், தனக்கென ஓர் ஊர் இல்லாமல் ஊர் ஊராகச் செல்லும் இளைஞன். மூன்றாவது, பெயர்வின் நடுவே இந்நாவலைப் படித்தவருள் நாமும் ஒருவர். திறனாய்வில் தன்வரலாற்றைச் சான்றாக்குவதில் உள்ள இடர்ப்பாட்டை நாம் அறிவோம். ஒருவரின் அனுபவம் பொதுவிதி ஆகாது. எனினும் வாசிப்பு தனியொருவர் உள்ளத்தில் நிகழ்வதாதலின், அச்சான்றை முற்றாக விலக்கவும் இயலவில்லை.

கண்ணாடியும் ஆற்றுப்படையும்

துன்புறும் உள்ளத்துக்கு நூலை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் பழமையானது. அதற்குரிய 'பிப்லியோதெரபி' என்னும் ஆங்கிலச் சொல்லை 1916-ஆம் ஆண்டில் சாமுவேல் குரோதர்ஸ் என்பவர் அட்லாண்டிக் மந்த்லி இதழில் எழுதிய நகைச்சுவை கலந்த கட்டுரையொன்றில் ஆண்டார். பின்னர் அது நூலகவியலிலும் கல்வியியலிலும் ஒரு துறையாகவே வளர்ந்தது. இத்துறையினர் பலர் வலியுறுத்தும் கருத்து ஒன்றுண்டு. பிள்ளை எத்துன்பத்தில் இருக்கிறதோ அத்துன்பத்தைக் காட்டும் கதையை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே அது. வீடு மாறும் பிள்ளைக்கு வீடு மாறும் பிள்ளையின் கதை. நூல் இங்குக் கண்ணாடியாகிறது.

இக்கருத்து பயனற்றதன்று. ஆனால் புதிய பள்ளியில் நாள் முழுதும் தன்னையே பிறர் உற்று நோக்கக் கண்டு கூசி நிற்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, வீடு திரும்பியபின் மீண்டும் கண்ணாடியின் முன் நிற்க விரும்புமா? அப்பிள்ளை தன் முகத்தை மறக்கவே விரும்பும்.

தமிழ் மரபில் வேறொரு முன்மாதிரி உள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையுற்று எதிர்வருபவனை வழியில் கண்டு, தான் சென்ற வழியைக் கூறி அனுப்புவதே அதன் அமைப்பு. மலைபடுகடாத்தில் வழியின் இடர்கள் விரிவாகக் கூறப்படுகின்றன. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கு வந்து விழும், பாம்புகள் எங்கு உறையும், பாறை எங்கு வழுக்கும் என்றெல்லாம் அறிவுறுத்தப்படுகிறது. அங்கு எதிர்வருபவனின் துயரம் அவனுக்கே எடுத்துரைக்கப்படுவதில்லை. அதனை அவன் அறிவான். அவன் அறியாதது வழி. இன்று உளவளத்துணையை 'ஆற்றுப்படுத்தல்' என்று வழங்கும் நாம், அச்சொல்லின் வேர் வழியைக் குறிக்கும் 'ஆறு' என்பதை மறந்துவிடுகிறோம். இடம்பெயரும் பிள்ளைக்குப் பொன்னியின் செல்வன் ஆற்றுப்படையாக நின்றது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பெயர்வின் இயல்பு

கெடாவின் தென்பகுதி இரப்பர்த் தோட்டங்களால் ஆனது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய ஊர்கள் தோட்டங்களை நம்பி வளர்ந்தவை. இத்தோட்டங்கள் கலைந்ததற்குக் காரணங்கள் பல. 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல், இரப்பரின் விலைச்சரிவு, ஆள்தேவை குறைந்த செம்பனைக்கு மாறியமை, பின்னர் நகர விரிவாக்கம் ஆகியன அவற்றுள் தலையாயவை. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடக்கம் பெற்றது. சாலையும் தொழிற்சாலையும் வந்த இடங்களில் பால்மரக் காட்டைவிட வீட்டுமனைக்கு மதிப்பு மிகுந்தது.

தோட்டத்து வீடு தொழிலாளிக்கு உரியதன்று, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு கோயில், பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, பந்துத்திடல், தமிழ்ப்பள்ளி யாவும் போகும். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியதில் இப்பெயர்வுக்குப் பெரும்பங்குண்டு.

பதின்ம வயதினருக்கு இப்பெயர்வு இரட்டைப் பெயர்வாக அமைந்தது. இடம் மாறும் அதே வயதில் மொழியும் மாறியது. தமிழ்த் தொடக்கப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் பயில வேண்டும். 1988-இல் தொடங்கி 2021-இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர், புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தே முதலாம் படிவம் செல்ல இயன்றது. இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டாலே தமிழ் கற்பிக்க வழியுண்டு எனச் சட்டம் கூறினும், கேட்பவர் இன்றியும் ஆசிரியர் இன்றியும் தமிழ் வகுப்பு நடவாத பள்ளிகள் இருந்தன. ஆகவே அப்பிள்ளைக்கு ஊர் பறிபோன ஆண்டிலேயே மொழியும் பாதியில் நின்றது.

நம் குடும்பம் 1994-இல் பீடோங்கை அடுத்த தோட்டமொன்றிலிருந்து சுங்கைப் பட்டாணியின் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. லோரியில் ஏற்றப்பட்ட பொருள்களுள் ஒரு சாக்குப்பை நிறையப் பழைய புத்தகங்கள் இருந்தன. தோட்டத்து மணிமன்றம் கலைக்கப்பட்டபோது பெரியப்பா எடுத்து வைத்திருந்தவை அவை. பொன்னியின் செல்வனின் நான்கு பாகங்கள் அதில் இருந்தன. மூன்றாம் பாகம் மட்டும் இல்லை.

வினவும் தலைவன்

பொன்னியின் செல்வனின் தலைவன் யார் என்பது திறனாய்வாளர் பலகாலம் வினவிய வினா. நூற்பெயருக்கு உரியவன் அருள்மொழிவர்மன். ஆயினும் வாசகன் உடன்செல்வது வந்தியதேவனோடுதான். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது அவன் தோன்றுகிறான். அவன் பிறந்த வாணர்குலம் ஆட்சியை இழந்துவிட்டது. கையில் இருப்பவை ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகள் மட்டுமே. சோழநாடு அவனுக்குப் புதிது. எவர் நண்பர், எவர் பகைவர், எவ்வாயில் திறக்கும், எச்சொல் ஆபத்து என எதுவும் அவன் அறியான்.

இந்நிலையில் கல்கி அவனுக்கு அளித்துள்ள பண்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் வினவிக்கொண்டே செல்கிறான். வழிப்போக்கரிடமும் படகோட்டியிடமும் ஆழ்வார்க்கடியானிடமும் கேட்கிறான். கேட்பதில் அவனுக்கு நாணமில்லை. தவறும் செய்கிறான். கடம்பூர் மாளிகை வாயிலில் காவலரோடு மோதுகிறான். நண்பன் கந்தமாறனைக் குத்தியதாகச் செய்யாத குற்றத்திற்கு ஆளாகிறான். கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திச் சென்று புதைசேற்றில் சிக்கி, அவள் கையாலேயே மீட்கப்படுகிறான். வரலாற்று நாவலின் வீரன் சேற்றில் இடுப்பளவு புதைந்து உதவி கேட்டு நிற்பது எளிய செய்தியன்று. நிலத்தை அறிந்தவள் அவள், வந்தேறியவன் அவன். அறிந்தவரிடம் கை நீட்டுவது இழிவன்று என்பதை அறிவுரையாகக் கூறாமல் நிகழ்ச்சியாகவே கல்கி காட்டிவிடுகிறார்.

தஞ்சைக் கோட்டைக்கு வெளியே பூந்தோட்டக் குடிசையில் வாழும் சேந்தன் அமுதனும் வாய் பேசாத அவன் அன்னையும் முன்பின் அறியாத அவனுக்கு உணவும் இடமும் தருகின்றனர். புதிய ஊரில் முதல் நட்பு மாளிகையில் கிடைக்கவில்லை, குடிசையில் கிடைக்கிறது. இதுவும் வழியறிவே.

இவ்வழியறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு நம் அனுபவத்திலிருந்து ஒரு சான்று. இரண்டாம் பாகத்தின் முடிவில் கடலில் சுழற்காற்று வீசிக்கொண்டிருக்க, மூன்றாம் பாகம் நம்மிடம் இல்லை. புகுமுக வகுப்பில் கழிவறை எங்கே என்று மலாயில் கேட்கவும் கூசி, இடைவேளை வரை பொறுத்திருந்த பிள்ளை நாம். அந்த அடுக்குமாடியில் மூன்று மாதமாக எவர் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. மூன்றாம் பாகத்தின்பொருட்டே முதன்முதலாகத் தட்டினோம். இரண்டாம் மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் வார இதழ் வாங்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். "அக்கா, உங்களிடம் பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம் இருக்கிறதா?" என்று கேட்டதற்கு, "முதலில் உள்ளே வா. யார் வீட்டுப் பிள்ளை நீ? எந்தத் தோட்டம்?" என்றார். அவரிடம் அந்நூல் இல்லை. ஆனால் அவருடைய தங்கையிடம் இருந்தது. தங்கையின் வீடு கூலிமில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து நூல் வந்தது. அதற்குள் அந்த அடுக்குமாடியில் ஐந்து வீடுகள் நமக்குத் தெரிந்த வீடுகளாகிவிட்டன.

இதனை நாவலின் ஆற்றல் என்பதா, நூல் குறைந்திருந்ததன் பயன் என்பதா என ஒருவர் வினவலாம். இரண்டும் என்பதே நம் விடை. பாகம் பாகமாக, அதிகாரந்தோறும் ஆவலைத் தூண்டி நிறுத்தும் தொடர்கதை அமைப்பு, வாசகனைக் கதவைத் தட்டும் அளவிற்கு உந்துகிறது.

நீளமும் மொழியும்

ஐந்து பாகங்கள் கொண்ட இந்நாவலின் நீளத்தைக் குறையாகக் கூறுவோர் உளர். இளையோர்க்குச் சுருக்கப் பதிப்புகளே ஏற்றவை என்பது அவர்தம் கருத்து. இடம்பெயரும் பிள்ளையின் நிலையில் நோக்குமிடத்து நீளமே நன்மையாகிறது. பள்ளி, வகுப்பு, அண்டைவீடு, பேருந்துத்தடம் யாவும் மாறிய காலத்தில் நாள்தோறும் திரும்பிச் செல்ல மாறாத இடமொன்று வேண்டும். நேற்று விட்ட இடத்தில் இன்றும் வந்தியதேவன் நிற்கிறான். மாதக்கணக்கில் அவ்விடம் நிலைக்கிறது. அதற்குள் புதிய ஊரும் ஒருவாறு பழகிவிடுகிறது.

மொழியைப் பற்றிய கருத்து இதனினும் இன்றியமையாதது. கல்கியின் உரைநடை எளியது. வாசகரை அருகழைத்துப் பேசுவது. தொடக்கத்திலேயே வாசகரைக் கற்பனைப் படகில் ஏற்றிப் பழங்காலத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், இடையிடையே நிறுத்தி விளக்கமும் தருகிறார். ஆறாம் ஆண்டுத் தமிழோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு இந்நடை எட்டாததன்று. எனினும் ஆறாம் ஆண்டுத் தமிழுக்கு மேற்பட்டது. அறியாத சொல்லைச் சூழலால் அறிந்து படிப்பவன் மேலேறுகிறான். பகலில் மலாய்ப் பாடநூலை எழுத்துக்கூட்டிப் படித்துத் தன்னை மந்தன் என்று எண்ணிக்கொண்ட பிள்ளை, இரவில் நானூறு பக்க நூலொன்றை முடித்துக் கீழே வைக்கிறது. தான் படிக்க வல்லவன் என்னும் சான்று அதற்குத் தன் தாய்மொழியில் கிடைக்கிறது. அவ்வாண்டின் இறுதியில் மலாய் நாவலொன்றையும் நாம் படித்து முடித்தோம். நீண்ட நூலை எவ்வாறு தொடர்வது என்னும் பயிற்சி தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றது என்றே கருதுகிறோம்.

கடாரமும் பெருமிதமும்

கெடா வாசகனுக்கு இந்நாவலில் தனியுரிமை ஒன்றுண்டு. அவன் வாழும் நிலமே கடாரம். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. பீடோங்கிலிருந்து சிறிது தொலைவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் 1930-களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்வாய்வு செய்தார். புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் 1960-இல் சீரமைக்கப்பட்டது. மெர்போக்கில் 1980 முதல் தொல்பொருட்காட்சியகம் உள்ளது. நாவலில் அருள்மொழிவர்மன் காய்ச்சலுற்றுத் தங்கும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், ஸ்ரீவிஜயத்திற்கும் கடாரத்திற்கும் உரிய மன்னன் கட்டியது. அது இராசராசன் ஆட்சிக்காலத்தது. கல்கி தம் கதைக்கேற்ப அதனை முன்னரே நிறுத்தியுள்ளார். இதே நாகப்பட்டினத்திலிருந்துதான் ரஜூலா போன்ற கப்பல்கள் தொழிலாளரைப் பினாங்கிற்கு ஏற்றி வந்தன.

இவ்வுரிமையில் இடரும் உண்டு. இரண்டாம் படிவத்தில் வரலாற்றுப் பாடவேளையில், எம் மன்னன் இந்நாட்டை வென்றவன் என்று உடன்பயிலும் மலாய் மாணவனிடம் பெருமையாகக் கூறினோம். அவன் சினக்கவில்லை. "அப்படியென்றால் உன் அப்பா ஏன் பால்மரம் சீவினார்?" என்று கேட்டான். இகழ்ச்சியின்றி, அறியும் விருப்பத்தோடு கேட்ட கேள்வி அது. நம்மிடம் விடையில்லை. அக்கேள்வி பல்லாண்டுகள் நம்மைத் தொடர்ந்தது. முனைவர்ப் பட்டத்தின்பொருட்டு வெளிநாட்டில் இருந்த காலத்திலும் அதற்கே விடை தேடிக்கொண்டிருந்தோம் எனலாம்.

இன்று நோக்குமிடத்து, அப்பெருமை நாவலிலிருந்து வந்ததன்று எனத் தெளிகிறது. இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டியது. பொன்னியின் செல்வனின் கதை அதற்கு அரைநூற்றாண்டு முற்பட்டது. நாவலின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் தியாகச் சிகரம். தனக்கென வந்த முடியை அருள்மொழிவர்மன் பிறன் தலையில் சூட்டுவதே அதன் உச்சம். நாம் மேடைப்பேச்சுகளில் கேட்ட வெற்றிப் பெருமையை நாவலின்மேல் ஏற்றிப் படித்திருக்கிறோம். இழந்தவன் வெற்றிக்கதையை நாடுவது இயல்பு. ஆனால் அது வழிகாட்டுவதில்லை. பெயர்வினால் சிறுத்துப்போன பிள்ளையை ஒரு நொடி உயர்த்தி, அடுத்த நொடியில் விடையின்றி நிறுத்திவிடுகிறது.

நாவலின்மேலும் குறையுண்டு. பூந்தொடுக்கும் சேந்தன் அமுதன் அரியணை ஏறுவது உழைப்பாளிக்குக் கிடைத்த உயர்வாகத் தோன்றினும், அவன் கண்டராதித்தரின் மகன் என்பதனாலேயே அது நிகழ்கிறது. குடிப்பிறப்பே உரிமை தரும் என்னும் கருத்தை நாவல் இறுதிவரை வினவுவதில்லை. ஏர் உழுவோரும் அணை கட்டுவோரும் அதில் பின்னணியாகவே உள்ளனர். பெண் வாசகர்க்குப் பூங்குழலி போன்ற ஒருத்தி கிடைக்கிறாள். தனியே படகு செலுத்தி, கடலின் போக்கறிந்து வாழும் அவளும் முடிவில் அரண்மனைக்குள் புகுந்துவிடுகிறாள். பால்மரம் சீவிய தந்தைக்கு இந்நாவலில் இடமில்லை.

அடுத்துப் படிக்க வேண்டியவை

அத்தந்தைக்கு இடம் தருவன இம்மண்ணின் நாவல்கள். பீடோங்கில் 1940-இல் பிறந்த ரெ. கார்த்திகேசுவின் வானத்து வேலிகள் 1981-இல் வெளிவந்தது. கெடாவின் தோட்ட வாழ்வைத் தொடர்ந்து எழுதிவரும் சீ. முத்துசாமியின் மண்புழுக்கள் 2006-இல் வந்தது. 2017-இல் அவர் விஷ்ணுபுரம் விருது பெற்றார். லூனாசைச் சேர்ந்த ம. நவீனின் பேய்ச்சி 2019-இல் வெளிவந்து 2020 திசம்பரில் அரசால் தடைசெய்யப்பட்டது. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த கே. பாலமுருகன் சிறுவர்க்கென மர்ம நாவல்களும் எழுதியுள்ளார். இவற்றுள் பெரியோர்க்குரியன பதின்மூன்று வயதிற்கு ஏற்றவையல்ல. பதினேழு, பதினெட்டு வயதில், தான் விட்டுவந்த லயத்தைத் திரும்பிப் பார்க்கும் வலிமை வந்தபின், கண்ணாடி தேவைப்படுகிறது. அப்பொழுது இந்நாவல்கள் கைக்கு எட்ட வேண்டும்.

ஆகவே பொன்னியின் செல்வனா, மலேசிய நாவலா என்னும் வழக்கு பொருத்தமற்றது. முன்னது வழிக்குத் துணை. பின்னது வழி முடிந்தபின் எங்கிருந்து வந்தோம் என அறிவதற்குத் துணை. முதலாவதோடு நின்றுவிடுபவன் வெற்றுப் பெருமிதத்தில் தங்கிவிடக்கூடும். இரண்டாவதை மட்டும் பதின்மூன்று வயதில் திணித்தால், பிள்ளை படிப்பதையே விட்டுவிடக்கூடும்.

முடிவுரை

மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-இலும் 2023-இலும் வெளிவந்தபின் கெடாவின் இளையோர் பலர் வந்தியதேவனைத் திரையிலேயே முதலில் அறிந்தனர். அது தவறன்று. ஆயினும் சில மணிநேரத்தில் முடியும் திரைப்படம், பலமாதம் உடன்வரும் நூலின் பணியைச் செய்ய இயலாது. தோட்டங்கள் பெரும்பாலும் கலைந்துவிட்டபோதிலும் பெயர்வு முடியவில்லை. கூலிமிலிருந்து பினாங்கிற்கும் கோலாலம்பூருக்கும் குடும்பங்கள் சென்றவண்ணமே உள்ளன. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளி புகும் பிள்ளையின் மொழிப்பெயர்வு ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் மாணவர்க்குக் கோப்பையும் சான்றிதழும் வழங்கும் நம் தமிழ்ப்பள்ளிகள், அவற்றோடு முதற்பாகம் ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பலாம். இரண்டாம் பாகம் எவரிடம் உண்டு என்பதை அப்பிள்ளையே கேட்டு அறியட்டும்.

மலாய் நண்பனின் கேள்விக்கு இன்று நம்மிடம் உள்ள விடை நீளமானது. கடாரத்து மன்னன் நாகையில் விகாரம் எழுப்பியதும், அதற்குச் சோழன் ஆனைமங்கலத்து வருவாயை அளித்ததும், இருபது ஆண்டு கழித்து அவன் மகனே கடாரத்தின்மேல் படையெடுத்ததும், தொள்ளாயிரம் ஆண்டு கழித்து அதே நாகையிலிருந்து நம் பாட்டனார் மேல்தட்டில் படுத்துப் பினாங்கு வந்ததும் ஒரே கடலின் கதைகள் என்பதே அவ்விடை. அவற்றுள் எதனையும் மறைக்க வேண்டியதில்லை. எதனையும் முழக்க வேண்டியதுமில்லை. அதனை அவனிடம் கூறும் வாய்ப்பு நமக்கு வாய்க்கவில்லை. மூன்றாம் படிவத்திற்குப் பின் அவன் குடும்பமும் ஊர் மாறிச் சென்றுவிட்டது.